பாலைக்கு நிலம் உண்டா? ஓர் அருங்காட்சியகமும் ஒரு தோட்டமும்

கொடும்பாளூரைக் கடந்து நெடுங்குளத்தின் கரையை அடைந்ததும் மதுரைக்குச் செல்லும் வழி மூன்றாகப் பிரிகிறது என்று மாங்காட்டு மறையோன் கோவலனிடம் கூறுவான். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் வரும் செய்தி இது. வலப்புற வழியில் செல்வோர் வெண்கடம்பும் ஓமையும் உழிஞ்சிலும் உலர்ந்து நிற்கும் காட்டையும், நீர்வேட்கையால் மான்கள் குரலெடுக்கும் வெளியையும், எயினர் வாழும் நிலத்தையும் கடக்க வேண்டும். கடந்தால் பாண்டியனின் சிறுமலை தோன்றும். அதனை வலமாக விட்டு மதுரைக்குச் செல்லலாம். இளங்கோவடிகள் கூறும் அந்த உலர்ந்த வெளி, நிலப்படத்தை விரித்துப் பார்த்தால், இன்றைய மணப்பாறைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடைப்பட்ட சமவெளியாகவே இருக்க முடியும். அதாவது வடமதுரையும் அதன் சுற்றுப்புறமும். கோவலனும் கண்ணகியும் அந்த வழியைத் தேர்ந்துகொள்ளவில்லை. இடைப்பட்ட வழியே சென்றார்கள். எங்கள் ஊருக்குக் காப்பியத்தில் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

இதனை முன்வைத்துத் தொடங்கக் காரணம் உண்டு. சென்ற கோடையில் வடமதுரையிலிருந்து புறப்பட்டுக் கீழடி அருங்காட்சியகத்தையும், அங்கிருந்து இராமநாதபுரம் மாவட்டம் அச்சடிப்பிரம்பில் உள்ள பாலைத் திணைப் பூங்காவையும் ஒரே பயணத்தில் கண்டுவந்தேன். ஒன்று தொன்மையான பண்பாட்டின் காட்சிக்கூடம். மற்றொன்று தமிழக அரசு ‘பாலை’ என்று பெயரிட்டு உருவாக்கிய தோட்டம். இரண்டும் வெவ்வேறு துறையினரின் ஆக்கங்கள். ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்துக் காண்பவனுக்கு ஒரே வினா எழுகிறது. தமிழர் தம் நிலத்தைப் பற்றித் தமக்கே சொல்லிக்கொள்ளும் கதையில் எது இடம்பெறுகிறது, எது விடுபடுகிறது?

முதலில் தோட்டம். ஐந்திணைகளுக்கும் ஐந்து மரபணுப் பூங்காக்கள் என்பது தோட்டக்கலைத் துறையின் திட்டம். குறிஞ்சிக்கு ஏற்காடு, முல்லைக்குத் திண்டுக்கல் மாவட்டத்துச் சிறுமலை, மருதத்திற்குத் தஞ்சைப் பகுதி, நெய்தலுக்குத் திருக்கடையூர், பாலைக்கு அச்சடிப்பிரம்பு என்று பகுக்கப்பட்டன. எண்ணம் பாராட்டத்தக்கது. அகப்பொருள் இலக்கணத்தை மரமாகவும் கொடியாகவும் மாணவர் கண்முன் நிறுத்த வேறெந்த மாநிலமும் முயன்றதாக நான் அறியேன். ஆனால் இலக்கணத்தை நிலத்தில் நடும்போது இலக்கணத்தை ஒருமுறையேனும் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

தொல்காப்பியம் மாயோன், சேயோன், வேந்தன், வருணன் என்று நான்கு நிலங்களுக்கே தெய்வம் வகுத்தது. நடுவில் நிற்கும் பாலைக்கு நிலம் வகுக்கவில்லை. ஆனால் பொழுது வகுத்தது: வேனிலும் நண்பகலும். பாலைக்கு நேரம் உண்டு, இடம் இல்லை. இளங்கோவடிகள் இதற்கு விளக்கம் தந்தது போல, அதே காடுகாண் காதையில், கதிரவனின் வெம்மை மிகும் காலத்தில் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் துயருறுத்தும் ஒரு வடிவத்தை மேற்கொள்ளும் என்றும், அவ்வடிவத்தின் பெயரே பாலை என்றும் கூறுகிறார். ஆகவே பாலை என்பது ஒரு நிலம் நோயுற்றிருக்கும் நிலை. மழை பெய்தால் அது மீண்டும் முல்லையாகும். ‘பாலைவனம்’ என்ற பிற்காலச் சொல்லாட்சி இந்த நுட்பத்தை விழுங்கிவிட்டது. சகாராவையும் ராஜஸ்தானத்து மணல்மேடுகளையும் குறிக்க ஒரு சொல் தேவைப்பட்டபோது பாலையை எடுத்தாண்டோம். பின்னர் அச்சொல்லைக் கொண்டே சங்கப்பாட்டைப் படிக்கத் தொடங்கினோம். பூங்காவில் எனக்கு முன்னே நடந்த பள்ளிச் சிறுவன் ஒருவன் தன் ஆசிரியரிடம், “ஒட்டகம் எங்கே சார்?” என்று கேட்டான். ஆசிரியர் சிரித்தார். அச்சிறுவனின் வினா பிழையன்று. அவனுக்குக் கற்பிக்கப்பட்ட சொல்லின் தர்க்கம் அது.

இராமநாதபுரத்தைப் பாலை என்று வகுத்தது யாரையும் உறுத்தவில்லை என்பதே எனக்கு வியப்பு. ‘தண்ணியில்லாக் காடு’ என்று அரசு ஊழியர்களை அச்சுறுத்த வழங்கிவரும் பழிச்சொல் தெரிந்தோ தெரியாமலோ இலக்கிய மதிப்பு பெற்றுவிட்டது. அம்மாவட்டத்தின் கடற்கரை முழுவதும் நெய்தல். உள்நாடோ கண்மாய்களின் நாடு. வையை தன் கடைசி நீரை இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் ஒப்படைத்துவிட்டு, மிஞ்சியதை ஆற்றங்கரையில் கடலிடம் சேர்க்கிறது. வறட்சி உண்மை, அதனை மறுப்பார் இல்லை. ஆனால் வறட்சியை எதிர்கொள்ள ஒரு மக்கள் கூட்டம் பல நூற்றாண்டுகளாக வெட்டிக் காத்த கண்மாய்ச் சங்கிலியும் அதே அளவு உண்மை. பாலை என்ற பெயர்ப்பலகையின் கீழ் முதலில் காட்டப்பட வேண்டியது கள்ளிச்செடி அன்று, ஒரு கண்மாயின் மடை.

கள்ளியைப் பற்றியும் ஒரு சொல். பாலைத் தோட்டம் என்றவுடன் நம் நாட்டில் எங்கும் நினைவுக்கு வருவது தட்டையான மடலும் கொத்து முள்ளும் கொண்ட கள்ளி இனங்களே. அவை அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். கொலம்பசுக்கு முன் தமிழ்ப் புலவன் எவனும் சப்பாத்திக்கள்ளியைக் கண்டிருக்க வழியில்லை. சங்கப் பாடல்களின் கள்ளி பாலொழுகும் சதுரக்கள்ளியும் அதன் இனமும். தோற்றத்தில் ஒற்றுமை உண்டு, குடும்பம் வேறு. தமிழகத்தின் முதல் கள்ளித் தோட்டமென எதையேனும் சுட்டலாமெனில், அது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னைச் சைதாப்பேட்டையில் அமைத்த தோட்டமாக இருக்கும். அவருக்கு வேண்டியது செடியன்று. செடியில் வளரும் பூச்சியிலிருந்து எடுக்கும் செஞ்சாயம். இசுபானியர் கையிலிருந்த அவ்வணிகத்தைக் கைப்பற்றும் நோக்கம். 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்து சேர்ந்தது. ஆனால் அது தரங்குறைந்த வேறொரு வகை. சாய வணிகம் பொய்த்தது. கள்ளியோ வேலியாகப் பயன்பட்டு, பின்னர் வேலி தாண்டிப் பரவி, உழவனுக்குத் தொல்லையாயிற்று. 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைக் கொணர்ந்தே அதனை அடக்க முடிந்தது. அதன் இடத்தை இன்று இராமநாதபுரத்தில் பிடித்திருப்பது சீமைக்கருவேலம். அதுவும் அமெரிக்கா தந்ததே. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். இந்த வரலாறு ஒரு தாவரத் தோட்டத்தில் சொல்லப்படத் தக்கது. பாலை எவ்வாறு உண்டாகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று ஏது? ஓமையும் இருப்பையும் யாவும் மராவும் ஞெமையும் வரிசையாக நின்று, ஒவ்வொன்றின் அருகிலும் அதனைப் பாடிய புலவன் பெயர் இருந்தால், அது பாலைத் தோட்டம். அயல்நாட்டு முட்செடிகளின் அணிவகுப்புக்கு அப்பெயர் பொருந்தாது.

இங்கே கத்தார் நாட்டின் தோகாவில் கல்வி நகரத்தில் அமைந்துள்ள குர்ஆனியத் தாவரத் தோட்டத்தை ஒப்பிடத் தோன்றுகிறது. 2008இல் தொடங்கப்பட்ட அத்தோட்டம் பல்கலைக்கழகங்கள் சூழ்ந்த வளாகத்தில் இருக்கிறது. திருக்குர்ஆனிலும் நபிமொழிகளிலும் பெயர் குறிக்கப்பட்ட செடிகளையே அது தன் எல்லையாகக் கொண்டது. எது நடப்படும் என்பதை நூல் தீர்மானிக்கிறது. நூலின் சொல் எந்தச் செடியைக் குறிக்கிறது என்பதில் ஐயம் எழுந்தால் ஆய்வு தீர்மானிக்க வேண்டும். ‘சித்ர்’ என்ற ஒரு சொல்லுக்காகவே அறிஞர்கள் நெடிது வாதிட்டுள்ளனர். திணைப் பூங்காக்களுக்கு இல்லாதது இந்தக் கட்டுப்பாடுதான்.

திருக்குர்ஆனின் 34ஆம் அத்தியாயம் சபா நாட்டினரைப் பற்றிக் கூறும் செய்தியும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. வலமும் இடமும் இரு தோட்டங்கள் பெற்றிருந்த மக்கள் நன்றி மறந்தனர். அணை உடைந்து பெருவெள்ளம் வந்தது. இரு தோட்டங்களும் கசந்த கனிகளும் சவுக்கு போன்ற அதல் மரங்களும் சில இலந்தைகளும் மட்டுமே கொண்டவையாக மாற்றப்பட்டன. யமனின் மஃரிப் அணையின் இடிபாடுகள் இன்றும் உள்ளன. தோட்டமாக இருந்தது தன் இயல்பு கெட்டு வேறு வடிவம் கொண்டது என்ற கருத்தில் சேரநாட்டு அடிகளின் கூற்றோடு இது எவ்வளவு நெருங்குகிறது என்பதை வாசகர் நோக்க வேண்டும். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்ல வரவில்லை. வறண்ட நிலத்தோடு நெடுநாள் பழகிய இரு மொழிகளும் வறட்சியை நிலையான இடமாகக் கருதவில்லை என்பதையே சுட்டுகிறேன்.

இதனைத் தமிழில் உணர்ந்து செயல்பட்டவர் உமறுப் புலவர். சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. இதைக் குறித்துப் புவியியல் அறியாதவர் என்று புலவரை எள்ளியோர் உண்டு. காப்பிய மரபுக்குக் கட்டுப்பட்டார் என்று மன்னித்தோரும் உண்டு. இரு சாராரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. அதே விலாதத்துக் காண்டத்தில், சாம் நாட்டு வணிகப் பயணத்தின்போது, ‘சுரத்திற் புனலழைத்த படலம்’ என்றொரு படலம் வருகிறது. பெயரில் உள்ள ‘சுரம்’ சங்கப் பாலையின் சொல். அரபு மணல்வெளியைப் பாட வந்த புலவர் அதற்குப் புதுச்சொல் தேடவில்லை. வழியும் வெம்மையும் நீர்வேட்கையும் கொண்ட தமிழ்ச் சுரத்தையே அங்கே விரித்தார். சுரம் நாட்டின் இயல்பு அன்று, பயணத்தில் எதிர்ப்படும் நிலை. ஆகவேதான் அங்கே புனலை அழைக்க முடிகிறது. நாட்டுப் படலத்தின் மருதமும் பயணத்தின் சுரமும் முரண் இல்லை. பாலைக்கு நிலம் இல்லை என்ற தொல்காப்பிய நெறியை முழுதாகப் பின்பற்றிய காப்பியம் ஒன்று உண்டெனில், அதில் சீறாவையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. அப்புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி கீழக்கரையைச் சேர்ந்தவர். அரசு பாலையென வகுத்த அதே இராமநாதபுரம் மாவட்டம்! பூங்காவின் எந்த மூலையிலாவது உமறுவின் பெயரைத் தேடினேன். என் கண்ணில் படவில்லை.

கீழடிக்கு வருவோம். 2023 மார்ச்சு 5ஆம் நாள் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் செட்டிநாட்டு இல்லத்தின் சாயலில், முற்றமும் தூண்களுமாகக் கட்டப்பட்டிருக்கிறது. கட்டடமே பார்வையாளனை அச்சுறுத்தாமல் வரவேற்கிறது. உறைகிணறும் செங்கற் கட்டுமானமும் தமிழி எழுத்துகள் கீறிய பானையோடுகளும் தந்தப் பகடையும் நூற்பு வட்டும் சூதுபவள மணியும் மரபான ‘கண்ணாடிப் பெட்டி’ முறையில் அடைந்து கிடக்கவில்லை. தொழிலாகவும் வாழ்வாகவும் வகைப்படுத்தப்பட்டுள்ளன. வேளாண்மைக்கும் நீர் மேலாண்மைக்கும் தனிக்கூடம் ஒதுக்கியிருப்பது சிறப்பு. ‘ஆதன்’ என்ற பெயரைத் தன் பானையில் கீறிய ஒருவனை நேரில் சந்தித்த உணர்வு, அரசர் பட்டியல்களைப் படித்துச் சலித்தவர்களுக்கு, எளிதில் மறக்க இயலாதது. கோயிலும் அரண்மனையும் இன்றி ஒரு நாகரிகத்தைக் காட்ட முடியும் என்று நிறுவியதே இந்த அருங்காட்சியகத்தின் வெற்றி.

குறை, காட்சியில் இல்லை. காட்சி முடியும் இடத்தில் இருக்கிறது. கடல்வழி வணிகம் என்ற கூடத்தில் சூதுபவளத்தையும் உரோமானியத் தொடர்பையும் பார்த்துவிட்டு வெளியே வருகிறோம். கடல் வணிகம் அத்துடன் நின்றுபோயிற்று என்று கருதிவிட இடமுண்டு. கீழடி அருங்காட்சியகம் கீழடியைத்தானே காட்டும், இடைக்காலத்தை ஏன் காட்ட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இடைக்காலத்தைக் காட்ட இதற்கு ஈடான வேறு கூடம் தென்பாண்டி நாட்டில் எங்கே இருக்கிறது? பழமை என்றால் சங்ககாலம். அதற்குப் பின் வந்தவை கலை, கட்டடம், பக்தி என்ற பிரிவினையில் வணிகனுக்கும் மாலுமிக்கும் இடமில்லாது போகிறது. தமிழ் முஸ்லிம்களின் முன்னோரில் பலர் அந்த இடமில்லாதவர்களே.

எடுத்துக்காட்டு அருகிலேயே உள்ளது. அச்சடிப்பிரம்பிலிருந்து திருப்புல்லாணி வழியாகக் கடற்கரைக்குச் சென்றால் பெரியபட்டினம். 1980களின் பிற்பகுதியில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு நடத்தியது. எ. சுப்பராயலுவும் சப்பானிய அறிஞர் நொபொரு கராசிமாவும் இவ்வூரின் பானையோடுகளை ஆராய்ந்தனர். கிடைத்தவற்றில் பெருந்தொகையானவை 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள். பச்சை மெருகிட்டவை அதிகம். இப்னு பதூதா 1340களில் மதுரைச் சுல்தானகத்திற்கு வந்தபோது கண்ட ‘ஃபத்தன்’ துறைமுகம் இதுவே என்று கராசிமா கருதினார். தேவிபட்டினம் என்போரும் உளர். அத்துறையில் கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசல் இருந்ததென்றும், கடலினுள் மரத்தூண்கள் மீது மண்டபம் அமைத்திருந்தனர் என்றும் பயணி எழுதுகிறார். திராட்சை மிகுதியாக விளைந்ததையும் மாதுளை உயர்தரமாக இருந்ததையும் குறிப்பிடுகிறார். பாலையென இன்று நாம் பெயரிட்ட கரையில் திராட்சையும் மாதுளையும்! பூங்காவில் அந்த இரண்டு செடிகளை நட்டு இப்னு பதூதாவின் பெயரை எழுதி வைத்தாலே பாலையின் இலக்கணம் பாதி விளங்கிவிடும்.

திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலின் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகச் சாமந்தப் பள்ளிக்கு அளித்த கொடையைக் கூறுகிறது. அப்பட்டினம் பெரியபட்டினமே என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. ஒரு பள்ளிவாசலின் ஆவணத்தை ஒரு வைணவத் தலத்தின் சுவர் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்துவருகிறது. இந்தக் கல்லின் படி ஒன்றும், பீங்கான் ஓடு நான்கும், பதூதாவின் வழிப்படமும் ஓர் அறைக்குப் போதும். ஆனால் பெரியபட்டினத்துப் பிள்ளை அகழாய்வு அறிக்கைகளைத் தேடிப் படித்தால் அன்றி, தன் தெருவில் கிடைத்ததை அறிய வழியில்லை. பல்கலைக்கழகங்கள் அகழ்கின்றன, அறிக்கை எழுதுகின்றன, பொருள்கள் துறையின் பாதுகாப்புக்குப் போய்விடுகின்றன. ஆய்வுக்கு அது வேண்டியதே. ஊருக்கு எதைத் திருப்பித் தருகிறோம் என்ற வினா ஆய்வுத் திட்டத்தின் எந்தப் பக்கத்திலும் இடம்பெறுவதில்லை.

2025ஆம் ஆண்டு தமிழக நிதிநிலை அறிக்கையில் இராமநாதபுரத்திற்கு ‘நாவாய் அருங்காட்சியகம்’ 21 கோடி ரூபாய்ச் செலவில் அறிவிக்கப்பட்டது. வையையின் முகத்துவாரத்து அழகன்குளம் அதன் மையமாக அமையும். அழகன்குளத்தின் தொன்மை அதற்குத் தகுதியானது. நாவாய் என்ற சொல்லைச் சங்ககாலத்தோடு நிறுத்திவிடுவார்களா, மரக்கலம் ஓட்டி மரக்காயர் எனப் பெயர் பெற்றவர்களையும் அதில் ஏற்றுவார்களா என்பது இப்போதே பேசப்பட வேண்டியது. கூடம் கட்டித் திறந்தபின் பேசினால் அது முறையீடாகிவிடும். இப்போது பேசினால் ஆலோசனை. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் ஊர்களின் ஜமாஅத்துகளிலும் பழைய குடும்பங்களிலும் உள்ள ஆவணங்கள், கப்பல் கணக்குகள், அரபுத் தமிழ்க் கையெழுத்துகள் முதலியவற்றைப் பட்டியலிட்டு அரசின் தொல்லியல் துறைக்கு அளிக்க நம்மில் எவர் முன்வந்துள்ளார்? குறையை மறுபக்கம் மட்டும் தேடுவது நேர்மையாகாது.

பாலையின் உரிப்பொருள் பிரிவு. அகநானூற்றின் ஒற்றைப்படை எண் பாட்டுகள் அனைத்தும் பாலைத் திணையே, நூலில் பாதி. அவற்றுள் மிகப்பல, பொருள் தேடச் சுரம் கடந்து சென்றவனையும் வீட்டில் நாள் எண்ணியிருப்பவளையும் பற்றியவை. கல்லூரியில் இதைப் பாடமாகக் கேட்டபோது எனக்கு உரை தேவைப்படவில்லை. என் அத்தா சவூதிக்குப் போனது 1979இல். எங்கள் தெருவில் அப்படிப் போனவர்களுக்குச் ‘சபுராளி’ என்று பெயர். சபுர் என்பது பயணத்தைக் குறிக்கும் அரபுச் சொல். ஒலிநாடாவில் பேசி அனுப்புவார். அடுக்களையில் வைத்து அம்மா கேட்பார். பின்னணியில் காற்றின் இரைச்சல் ஓயாது இருக்கும். அது மணற்காற்று என்று நான் நினைத்திருந்தேன். அறையில் ஓடிய மின்விசிறி என்று திரும்பி வந்தபின் சொன்னார்.

அச்சடிப்பிரம்பிலும் கீழடியிலும் நான் தேடியது ஒருவேளை அந்த ஒலிநாடா போன்ற ஏதோவொன்றாக இருக்கலாம். கீழடியின் நூற்பு வட்டை நூற்றவள் யார், கணவன் எத்தனை திங்கள் சென்று திரும்பினான் என்பதைப் பானையோடு சொல்லாது. பாட்டு சொல்கிறது. பாட்டையும் ஓட்டையும் ஒரே கூடத்தில் வைக்கத் தெரிந்தவர்கள் செடியையும் பாட்டையும் ஒரே தோட்டத்தில் வைக்க முடியாமற் போனது துறைகளுக்கிடையே உள்ள சுவரால்தான் என்று எண்ணுகிறேன். தோட்டக்கலைத் துறை செடியை அறியும், தொல்லியல் துறை ஓட்டை அறியும், தமிழ்த்துறை பாட்டை அறியும். மூவரும் ஒரு மேசையில் அமர்ந்ததாகத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் திண்டுக்கல் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கோடைமழை, அரைமணி நேரம் கொட்டித் தீர்த்தது. வடமதுரையில் இறங்கியபோது, காலையில் வெடித்துக் கிடந்த புஞ்சைக் காட்டில் தண்ணீர் நின்றது. பக்கத்து வீட்டுப் பெரியவர் விதைக்கலப்பையை வெளியே எடுத்து வைத்திருந்தார்.